எல்லை தாண்டாத பணமும் திரும்பி வந்த கேனும்: ஜெர்மனிக் கூட்டுத் திட்டத்துக்கு விண்ணப்பித்த அனுபவம்

போன வெள்ளிக்கிழமை இரவு முழு விண்ணப்பத்தையும் ஒருவழியாக அனுப்பிவிட்டோம். இந்தோ-ஜெர்மன் அறிவியல் தொழில்நுட்ப மையத்தின் 2+2 திட்டம். முடிவு தெரிய இன்னும் நாளாகும். ஆனால் பதினோரு மாதம் அலைந்ததில் பாதி, அலைந்திருக்கவே வேண்டாதது. சேலம் பக்கத்திலிருந்து வேறு யாராவது இதில் இறங்கினால் அவர்களுக்காவது அந்தப் பாதி மிச்சமாகட்டும்.

ஆத்தூர் பக்கம் என் மாமாவுக்குச் சேகோ மில், அதாவது மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி செய்யும் ஆலை, இருக்கிறது. கிழங்கு கழுவிய தண்ணீர், மாவு படிந்த பிறகு தொட்டியில் மேலே நிற்கும் தண்ணீர், இரண்டும்தான் எங்களுக்குத் தீராத தலைவலி. ஒரே நாளில் புளித்து நாறும். மரவள்ளியில் இயல்பாகவே உள்ள சயனைடும் அதில் கலந்திருக்கும். அந்தத் தண்ணீரிலிருந்து எரிவாயு எடுத்து, மீதியைச் சுத்தம் செய்து கழுவும் தொட்டிக்கே திருப்ப வேண்டும் என்பது திட்டம். ஜெர்மனியின் லோயர் சாக்சனி மாநிலத்தில் உருளைக்கிழங்கு ஸ்டார்ச் ஆலைகள் உண்டு. அங்கே உருளை, இங்கே குச்சிக்கிழங்கு என்று நாங்கள் சொல்லும் மரவள்ளி. தண்ணீர்ப் பிரச்சினை ஒன்றேதான். இரு நாட்டிலும் ஒரு நிறுவனம், ஒரு ஆராய்ச்சி நிலையம் என்று நாலு பேர் சேர்வது (2+2 என்பது இதுதான்), முதல் கட்டச் சுருக்க விண்ணப்பம் தேறுவது எல்லாம் தொல்லையில்லாமல் முடிந்தன.

தொல்லை பணத்தில் தொடங்கியது. திட்டச் செலவில் நிறுவனத்தின் பங்குக்குப் பாதிதான் மானியம். மீதிப் பாதி நம் கைப்பணம். அந்தப் பாதியைப் போட எங்களுக்குச் சக்தி உண்டு என்று ஒரு கடிதம் கேட்டு வங்கிக்குப் போனேன். ஜெர்மனி என்ற சொல்லைப் பார்த்ததுமே அதிகாரி தாளைத் தள்ளி வைத்துவிட்டார். "தம்பி, வெளிநாட்டுப் பணம்னா எஃப்.சி.ஆர்.ஏ. பதிவு வேணும். அது இல்லாம நான் கையெழுத்துப் போட முடியாது." எஃப்.சி.ஆர்.ஏ. என்பது வெளிநாட்டு நன்கொடைச் சட்டம். ஆடிட்டர் அலுவலகத்திலும் அதையே சொன்னார்கள். அந்தப் பதிவு எப்படி வாங்குவது என்று விசாரிப்பதிலேயே இரண்டு மாதம் ஓடிவிட்டது. ஆத்தூருக்கும் சேலத்துக்கும் எத்தனை முறை பஸ் ஏறினேன் என்று கணக்கே இல்லை.

கடைசியில் குருகிராமில் உள்ள மையத்துக்கே போன் போட்டுக் கேட்டேன். இரண்டே நிமிடத்தில் தெளிவாகிவிட்டது. இந்தத் திட்டத்தில் பணம் எல்லையைத் தாண்டுவதே இல்லை. நம் பக்கத்துச் செலவுக்கு நம் அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறை வழியாகப் பணம் வரும். அவர்கள் செலவை அவர்கள் அரசு பார்த்துக்கொள்ளும். இரு நாட்டுக்கும் 1974-இலேயே அறிவியல் ஒத்துழைப்பு ஒப்பந்தம் உண்டு. 2010-இல் இரு அரசுகளும் சேர்ந்து இந்த மையத்தைத் தொடங்கின. வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்கு இங்கே வேலையே இல்லை. அதையெல்லாம் ஒரே பக்கத்தில் எழுதி, வழிகாட்டிக் குறிப்பில் இதைச் சொல்லும் வரியை அடிக்கோடிட்டு எடுத்துப்போனேன். அன்றைக்கே கடிதம் கிடைத்தது. நீங்கள் அந்தத் தாளை முதல் நாளே எடுத்துப்போங்கள்.

அடுத்தது கேன். ஜெர்மன் நண்பர்கள் எங்கள் தண்ணீரைச் சோதித்துப் பார்க்க ஆசைப்பட்டார்கள். தொட்டியிலிருந்து இரண்டு லிட்டர் பிடித்து, மூடிக்கு மேல் டேப் சுற்றிச் சேலத்தில் ஒரு கூரியரில் கொடுத்தேன். ஒன்பதாம் நாள் அது சென்னையிலிருந்தே திரும்பி வந்தது. உள்ளே புளித்துப் புளித்து வாயு சேர்ந்து கேன் பந்து மாதிரி உப்பியிருந்தது. மூடியைத் திருகியதும் புஸ்ஸென்று சத்தம், அப்புறம் அறை முழுக்க நாற்றம்.

அதை விமானத்தில் ஏற்றாததே நல்லது என்று எங்கள் கூட்டில் உள்ள கல்லூரியின் பேராசிரியர் சொன்னபோதுதான் இன்னொரு விஷயம் புரிந்தது. அந்தத் தண்ணீரில் இருப்பவை நம் மண்ணின் நுண்ணுயிர்கள். ஆராய்ச்சிக்காக அவற்றை வெளிநாட்டுக்குக் கொடுப்பது 2002-ஆம் ஆண்டு உயிரியல் பன்முகத்தன்மைச் சட்டத்துக்குள் வரும். கேட்க வேண்டிய இடம் சென்னை தரமணியில் உள்ள தேசிய பல்லுயிர் ஆணையம். அரசு ஒப்புதல் பெற்ற கூட்டு ஆய்வுக்குத் தனி வழி உண்டு. எங்களுடையது அப்போது வெறும் விண்ணப்பம்தானே! அதனால் கல்லூரி ஆய்வகத்திலேயே சோதித்து அமிலத்தன்மை, சி.ஓ.டி. (தண்ணீரில் கரிம மாசு எவ்வளவு என்று காட்டுவது) அளவுகளை மட்டும் அனுப்பினோம். விண்ணப்பத்துக்கு அதுவே போதுமானதாக இருந்தது.

ஆகஸ்டில் எந்தக் கையெழுத்தையும் நம்பாதீர்கள். இங்கே ஆடிப்பெருக்கு, கோட்டை மாரியம்மன் பண்டிகை என்று உள்ளூர் விடுமுறை. அங்கே கோடை விடுமுறை. மூன்று வாரம் கழித்து வருகிறேன் என்று தானியங்கிப் பதில் வரும், அதோடு சரி. நாங்கள் ஜூலையிலேயே வாங்கியிருக்க வேண்டும். அக்டோபர் கடைசி ஞாயிறன்று அவர்கள் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் வைப்பார்கள். மூன்றரை மணி நேர வித்தியாசம் நாலரை ஆகிவிடும். அது தெரியாமல் நானும் பேராசிரியரும் ஒரு மணி நேரம் வெறும் திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

ஆடிட்டர் சான்றிதழில் அதன் அடையாள எண்ணான 18 இலக்க யு.டி.ஐ.என். இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிட்டு வாருங்கள். எங்களுடையதில் விட்டுப்போய், சேலம் ஐந்து ரோட்டுக்கு இன்னொரு நடை. ஜி.எஸ்.டி.யில் 'சேகோ ஃபேக்டரி', சிறுதொழில் பதிவான உத்யமில் 'சேகோ இண்டஸ்ட்ரீஸ்' என்று மில்லின் பெயர் இரண்டு விதமாக இருந்தது. அதைச் சரிசெய்ய ஒரு வாரம்.

இவ்வளவிலும் எனக்கு உண்மையில் பயம் தந்தது கூட்டு ஒப்பந்தம்தான். திட்டத்தில் புதிதாகப் பிறக்கும் எல்லாக் காப்புரிமையும் தங்களுக்கே என்று கல்லூரி அலுவலகம் தந்த வரைவில் இருந்தது. அப்படியே கையெழுத்திட்டிருந்தால் நாளைக்கு எங்கள் தொட்டியில் எங்கள் முறையைப் பயன்படுத்தவே அனுமதி கேட்டு நின்றிருப்போம். "நம்ம தண்ணிக்கு நாமளே காசு கட்டறதா மாப்பிள்ளை?" என்று மாமா கேட்ட கேள்வியை அப்படியே கூட்டத்தில் வைத்தேன். முன்பே யாரிடம் என்ன அறிவு இருந்ததோ அது அவரவருக்கு; புதிதாகப் பிறப்பது உழைத்தவர்களுக்குப் பொது; மரவள்ளித் தொழிலில் பயன்படுத்தும் உரிமை எங்களுக்கு எப்போதும் உண்டு. இந்த மூன்று வரிக்கு ஆறு வாரம் பிடித்தது. ஜெர்மன் நிறுவனத்துக்காரர்தான் முதலில் ஒப்புக்கொண்டார். இந்தப் பேச்சை முதல் மாதமே தொடங்கிவிடுங்கள், கடைசிக்கு விடாதீர்கள்.

வெள்ளி இரவு பதினொன்றரைக்கு ஒப்புகை வந்தது. பிரிண்ட் எடுத்துக் காலையில் மாமாவிடம் கொடுத்தேன். அதை மில் ஆபீஸில் சாமி படத்துக்குக் கீழே ஒட்டி வைத்திருக்கிறார்.