மொரிஸ் மைனரின் டிஃபரன்ஷலுக்கு எந்த ஒயில்? கராச் நாட்குறிப்பு

5 ஒக்டோபர் 2024, சனி

மாரி மழை தொடங்க முன்னம் பின் அச்சு வேலையை முடிக்க வேண்டும். வண்டி 948 சீசீ மொரிஸ் மைனர் 1000. பின் அச்சின் நடுவில் இருந்து எஞ்சினின் வலுவை இரு சில்லுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்லுப் பெட்டிதான் டிஃபரன்ஷல். அதற்குள் என்ன ஒயில், எப்போது ஊற்றியது என்று யாருக்கும் தெரியாது. யாழ்ப்பாணத்துப் பழைய கார்கள் பலவற்றின் நிலை இதுதான். போர்க்காலப் பெற்றோல் தடையின்போது மண்ணெண்ணெயில் ஓடி எஞ்சின் ஒயில் நீர்த்துப்போனது. அதனால் எல்லாருடைய கவனமும் எஞ்சினில் இருந்தது. டிஃபரன்ஷல் இரையத் தொடங்கும் வரைக்கும் அதன் பிளக்கை ஒருவரும் தொடுவதில்லை.

இன்று ஒயில் ஊற்றும் பிளக்கை மட்டும் இளக்கியாயிற்று. முதலில் இதைத்தான் கழற்ற வேண்டும். அடிப் பிளக்கைத் திறந்து ஒயிலை ஒழுக விட்ட பிறகு ஊற்றும் பிளக் அசையாவிட்டால், வண்டி நின்ற இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். அளவான ஸ்பனர் இல்லாமல் குழாய்ச் சாவியைப் போட்டால் மூலை மழுங்கிவிடும். ஓர் இரவு துரு இளக்கி விட்டு, காலையில் சுத்தியலால் மெல்லத் தட்டித் திருப்பினால் பெரும்பாலும் வந்துவிடும்.

6 ஒக்டோபர், ஞாயிறு

பத்துக் கிலோமீற்றர் ஓட்டி, சூட்டோடு ஒயில் இறக்கியது. ஆறிய ஒயில் தேன்போல நூல் இழுக்கும். அடியில் படிந்த தூள் அதனோடு வெளியே வராது.

இறங்கியதை வெள்ளைப் பீங்கான் கோப்பையில் எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்க்க வேண்டும். இதில் கண்டது: நிறம் கறுப்பு, பால்போலக் கலங்கல் இல்லை, ஆகவே தண்ணீர் போகவில்லை. காந்தத்தில் ஒட்டியது விபூதி குழைத்ததுபோன்ற சாம்பல் நிறச் சேறு. அது வழமையான தேய்மானம். நகத்தில் உறுத்தும் செதில் வந்திருந்தால் பல் அல்லது பெயாரிங் உடைகிறது என்று பொருள். ஒயில் மாற்றி அது சரிவராது. காந்தத்தில் ஒட்டாமல் கோப்பையின் அடியில் மினுங்கிய பொன்னிறத் துகள்கள் கொஞ்சம் இருந்தன. கூட்டுக்குள் சின்னப் பல்லுகளுக்குப் பின்னால் இருக்கும் தாமிரக் கலப்பு வாஷர்கள் தேய்ந்தால் இப்படி வரும். அளவு குறைவு, கவனித்து வைத்தால் போதும்.

மண்ணெண்ணெய் விட்டு அலசவில்லை, அலசவும் கூடாது. அச்சுக் குழாய்களுக்குள் தங்குகிற மண்ணெண்ணெய் புது ஒயிலை நீர்க்க வைக்கும். ஓர் இரவு ஒழுக விடுவதே போதும்.

8 ஒக்டோபர், செவ்வாய்

ஒயில் தெரிவு. கடைக்குப் போனால் முதல் கேள்வியே "தொண்ணூறா, நூற்று நாற்பதா" என்றுதான் வரும்; இவை ஒயிலின் தடிப்பு எண்கள். கேட்க வேண்டிய கேள்வி அதுவல்ல. பல் எந்த வகை என்பதில் தொடங்க வேண்டும்.

மைனரின் பின் அச்சு ஹைப்பொயிட் வகை. எஞ்சின் பக்கமிருந்து வரும் சின்னப் பல்லுச் சக்கரமான பினியனின் நடுக்கோடு, அது சுழற்றும் பெரிய பல்லுச் சக்கரமான கிரவுண் வீலின் நடுவிலிருந்து விலகி, கீழே கிடக்கும். அதனால் பல்லோடு பல் உருளுவதோடு நில்லாமல் நீளவாட்டில் வழுக்கவும் செய்யும். அந்த வழுக்கல் ஒயில் படலத்தை வழித்தெடுத்துவிடும். அப்போது இரும்பைக் காப்பது ஒயிலில் கலந்திருக்கும் கந்தக, பொஸ்பரஸ் சேர்மானம். சூடேறிய இடத்தில் அது இரும்போடு சேர்ந்து மெல்லிய படலமாகும். பல் தேய்வதற்குப் பதிலாக அந்தப் படலம் தேயும். பழைய கைநூலில் "ஹைப்பொயிட் 90" என்று எழுதியிருப்பது இதற்காகத்தான்.

தடிப்பை மட்டும் பார்ப்பவர்கள் 20டபிள்யூ-50 எஞ்சின் ஒயிலை ஊற்றிவிடுகிறார்கள். 100 பாகைச் சூட்டில் எஸ்ஏஈ 90 கியர் ஒயிலின் பிசுக்குமை 13.5 முதல் 18.5 சென்ரிஸ்ரோக்ஸ் (தடிப்பை அளக்கும் அலகு); 50ஆம் இலக்க எஞ்சின் ஒயிலுக்கு 16.3 முதல் 21.9. தடிப்பு ஏறத்தாழ ஒன்றுதான். ஆனால் அந்தச் சேர்மானம் எஞ்சின் ஒயிலில் போதாது, பல் கீறுப்பட்டுப் போகும். இதே வண்டியின் கியர்பொக்ஸுக்கு எஞ்சின் ஒயில்தான் விட வேண்டும் என்பதால் இந்தக் குழப்பம் இன்னும் கூடுகிறது. இரண்டு ஒயிலுக்கும் இரண்டு புனல் வைத்திருப்பது நல்லது.

அடுத்தது கியர் ஒயிலின் தரக் குறியீடு: ஜீஎல்-4 அல்லது ஜீஎல்-5. ஜீஎல்-5இல் அந்தச் சேர்மானம் ஏறத்தாழ இரட்டிப்பு. தாமிரக் கலப்பு உலோகத்தைக் கந்தகம் கறுக்க வைத்து அரிக்கும் என்ற பயம் நியாயமானது. ஆனால் அது சூடு ஏற ஏறத்தான் கூடும். பித்தளை வளையம் உள்ள கியர்பொக்ஸில் ஜீஎல்-5 வேண்டாம் என்பது அதனால்தான். மைனரின் டிஃபரன்ஷல் 37 குதிரை வலுவைத் தாங்குகிறது. எங்கள் ஊரோ ஏற்றம் இறக்கம் இல்லாத தட்டை நிலம். அச்சு உண்மையாகச் சூடாவது ஏ9 வீதியில் கொழும்புக்கு நீள ஓடும்போதுதான். ஆகவே எங்கள் முடிவு ஜீஎல்-5, 80டபிள்யூ-90. ஹைப்பொயிட் அச்சுக்கு உகந்தது என்று டின்னிலேயே எழுதியிருக்கும் ஜீஎல்-4உம் இந்த வண்டிக்குப் போதும். பரலில் இருந்து அளந்து தரும் பெயரில்லாத ஒயில் மட்டும் வேண்டாம்.

80டபிள்யூ, 85டபிள்யூ என்ற முன் எண் குளிருக்கானது. யாழ்ப்பாணத்தில் அதை நினைத்துத் தலையை உடைக்கத் தேவையில்லை.

9 ஒக்டோபர், புதன்

பேஜோ 404 வைத்திருப்பவர்களுக்கு: மேலே சொன்னது உங்களுக்குப் பொருந்தாது. அதன் பின் அச்சு வேர்ம் (திருகுப் பல்) வகை, சக்கரம் வெண்கலம், அதாவது தாமிரக் கலப்பு. ஜீஎல்-5 ஊற்ற வேண்டாம்.

12 ஒக்டோபர், சனி

ஊற்றியது. கொள்ளளவு ஒன்றரை பைன்ட், அதாவது 0.85 லீற்றர். துளை அச்சின் பின்பக்கம் இருப்பதால் டின்னைச் சரித்து ஊற்ற முடியாது. 60 மில்லிலீற்றர் சிறிஞ்சில் மெல்லிய குழாய் மாட்டினால் பதினான்கு தடவை. வண்டி நான்கு சில்லிலும் மட்டமாக நிற்க வேண்டும். ஒரு பக்கம் ஜக் போட்டு நிரப்பினால் அளவு பிழைக்கும். துளை விளிம்பால் வழிந்ததும் நிறுத்தி, மிச்சம் ஒழுகி முடியும் வரை பிளக்கைப் பூட்டாமல் காத்திருக்க வேண்டும். கூடுதலாக ஏற்றினால் அது அச்சுக் குழாய் வழியே ஹப் சீலைத் தாண்டி பிரேக் லைனிங்கில் போய் நிற்கும். நனைந்த லைனிங்கைக் கழுவிப் பிரயோசனமில்லை, மாற்றத்தான் வேண்டும்.

20 ஒக்டோபர், ஞாயிறு

ஓட்டிப் பார்த்தது. அக்சிலேற்றர் மிதிக்கும்போது மெல்லிய இரைச்சல், விட்டதும் இல்லை: பல் முகத்தின் தேய்மானம். மிதித்தாலும் விட்டாலும் ஒரே உறுமல் என்றால் பெயாரிங்கைச் சந்தேகிக்கலாம். கியர் போட்டு எடுக்கும்போது "டொக்" என்று அடித்தால் அந்தத் தாமிரக் கலப்பு வாஷர்களும், புரப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டும் பார்க்க வேண்டும். இரைச்சலை அடக்க 140 ஊற்றச் சொல்வார்கள். சத்தம் குறையும், தேய்மானம் குறையாது. சின்ன எஞ்சினின் வலுவும் அந்தத் தடிப்பைக் கடைவதில் போகும்.

1 டிசம்பர், ஞாயிறு

இந்தக் கிழமை ஒழுங்கையெல்லாம் வெள்ளம். ஓடிச் சூடான அச்சு குளிர்ந்த தண்ணீருக்குள் இறங்கினால் உள்ளே உள்ள காற்றுச் சுருங்கி, தேய்ந்த சீல் வழியே தண்ணீரை இழுக்கும். பண்ணைக் கடலேரிப் பக்கம் போல் உப்புத் தண்ணீர் என்றால் பெயாரிங்கில் துருப்புள்ளி விழ நாளெடுக்காது. அச்சு மூழ்க ஓடிய வண்டியை ஓர் இரவு நிறுத்தி, அடிப் பிளக்கைச் சற்றே இளக்கினால் முதலில் வருவது தண்ணீரா ஒயிலா என்று தெரியும். இந்த மைனரில் நான்கு சொட்டும் ஒயிலாகவே வந்தது. பிளக்கை இறுக்கி, சிந்திய அளவை மேலால் நிரப்பியாயிற்று.