மருத்துவ மாணவிக்கு வீட்டுக் கணினியில் என்ன நிறுவலாம்?

என் அண்ணன் மகள் சென்னையில் எம்.பி.பி.எஸ். முதலாண்டு படிக்கிறாள். அவளுக்கு உதவும் மென்பொருள்களைத் தேடிப் பார்த்ததில், பணம் கட்டி வாங்குவனவற்றைவிட இலவசமாகக் கிடைக்கும் ஆன்கி (Anki) என்னும் கேள்வி-விடை அட்டை மென்பொருள் ஒன்றே அவளுக்கு மிகவும் பயன்படும் என்ற முடிவுக்கு வந்திருக்கிறேன். ஆனால் அதில் உள்ள அட்டைகளை அவளே எழுத வேண்டும்.

டேமியன் எல்ம்ஸ் 2006-இல் வெளியிட்ட ஆன்கி, விண்டோஸ், மேக், லினக்ஸ் ஆகிய மூன்றிலும் இயங்கும். பழைய கணினியே போதும். ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் விடையுமாக நாம் எழுதிவைக்கும் அட்டைகளில், தடுமாறியவற்றை விரைவிலும் எளிதாக விடை வந்தவற்றைப் பல நாள் கழித்தும் அது மீண்டும் கேட்கும். படித்தது எவ்வளவு வேகமாக மறந்துபோகிறது என்பதைத் தம்மையே சோதித்து 1885-இல் நூலாக வெளியிட்ட ஜெர்மானிய உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹவுஸின் ஆய்விலிருந்து வளர்ந்த முறை இது.

உடற்கூறியலுக்கு இதில் தனிச் சிறப்பு ஒன்று உண்டு. கழுத்தின் ஐந்தாம் நரம்பு வேர் முதல் மார்பின் முதல் வேர் வரை இணைந்தும் பிரிந்தும் கைக்குச் செல்லும் பிரேக்கியல் பிளெக்ஸஸ் என்னும் நரம்புப் பின்னலின் படத்தை நோட்டில் வரைந்து, அதைப் புகைப்படமெடுத்து ஏற்றி, ஒவ்வொரு பெயரின்மீதும் ஒரு கட்டம் வைத்து மறைத்தால், அந்த ஒரு படமே பல கேள்விகளாகிவிடும். 2023-இல் வந்த பதிப்பிலிருந்து இந்த வசதி ஆன்கியிலேயே சேர்க்கப்பட்டிருப்பதால் வேறெதையும் தனியாக நிறுவ வேண்டியதில்லை. தானே வரைந்த படம் என்றால் பாதிப் பாடம் அப்போதே மனத்தில் ஏறிவிடுகிறது.

இணையத்தில் ஆயத்தமாகக் கிடைக்கும் அட்டைத் தொகுப்புகளில் புகழ்பெற்றவை அமெரிக்க உரிமத் தேர்வுக்காகச் செய்யப்பட்டவை. உடலியங்கியலுக்கு அவை ஓரளவு உதவலாம். சமூக மருத்துவத்துக்கு உதவா. பிறந்தவுடன் போடும் காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி. நம் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் உண்டு, அமெரிக்காவிலோ அது வழக்கமாகப் போடப்படுவதில்லை. மேலும், கிண்டியிலுள்ள தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் தேர்வில் கட்டுரை வடிவிலும் விடை எழுத வேண்டும். அதற்கு அட்டைகள் போதா. தாளில் எழுதியும் வரைந்தும்தான் பழக வேண்டும்.

உறுப்புகளைச் சுழற்றிப் பார்க்க இசட்-அனாட்டமி என்னும் முப்பரிமாணத் தொகுப்பும் இலவசமாகக் கிடைக்கிறது. பிணக்கூறாய்வு வகுப்பில் கையால் தொட்டறிவதற்கு அது ஈடாகாது என்றாலும், மறுநாள் வகுப்புக்குத் தயாராக நல்லது.

ஆன்கி தொடக்கத்தில் நாளுக்கு 20 புதிய அட்டைகளையே காட்டும். ஆர்வத்தில் அதை உயர்த்தினால், திரும்பப் பார்க்க வேண்டியவை சில வாரங்களில் குவிந்துவிடும் என்பதால் அந்த அளவிலேயே விட்டிருக்கிறோம். வீட்டில் எழுதிய அட்டைகளை ஆன்கியின் இணையச் சேவையான ஆன்கிவெப் கணக்கின் வழியே ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குக் கொண்டுபோவதற்கும் கட்டணமில்லை. ஐபோன் செயலிக்கு மட்டும் விலை உண்டு. அவளிடம் இருப்பது ஆண்ட்ராய்டு என்பதால், கல்லூரிக்குச் செல்லும் மின்சார ரயிலிலேயே அன்றைய அட்டைகளை முடித்துவிடுகிறாள்.