எங்கள் ஊர் இதழ் எப்படி வெளிவருகிறது

எங்கள் ஊருக்கென்று ஓர் இதழ் நடத்துகிறோம். மூன்று மாதத்துக்கு ஒன்று, ஏ5 அளவு, 24 பக்கம், யாருக்கும் சம்பளம் கிடையாது. தங்கள் ஊரிலும் இப்படி ஒன்று தொடங்க நினைக்கிறவர்கள் முதலில் கேட்பது "யார் எழுதுவார்கள்?" என்றுதான். எங்களைத் திணறடித்ததும் அதுதான் என்பதால் அங்கிருந்தே ஆரம்பிக்கிறேன்.

"படைப்புகள் வரவேற்கப்படுகின்றன" என்று அறிவித்தால் கவிதைகள் வரும், நிறைய வரும். ஊர் விஷயம் வராது. குளம் எப்போது கடைசியாகத் தூர் வாரப்பட்டது, பள்ளிக்கு இடம் கொடுத்தது யார், பேருந்து ஏன் உள்ளே வருவதில்லை, இதெல்லாம் தெரிந்தவர்கள் பேனா பிடித்துப் பழகாதவர்கள். "எனக்கு எழுதவெல்லாம் வராதும்மா" என்று ஒதுங்குவார்கள். அதே மனிதர் பேச ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். அதனால் நாங்களே போய் உட்கார்ந்து, கேட்டுக்கொண்டு, கைபேசியில் பதிவுசெய்து, அவர் பேச்சு வாடை போகாமல் எழுதி, மறுபடி அவரிடமே படித்துக் காட்டுகிறோம். கிணறு வெட்டும் பெரியவர் ஒருவர், கடப்பாரை விழுகிற சத்தத்தை வைத்தே அடியில் இருப்பது பாறையா, உடையக்கூடிய கல்லா என்று சொல்லிவிடுவேன் என்றார். கல்லுக்குக் கல் சத்தம் எப்படி மாறும் என்று வாயாலேயே செய்து காட்டினார். அந்த இரண்டு பக்கத்தைத்தான் ஊரில் அதிகம் பேர் படித்தார்கள். படித்துக் காட்டும்போது சில வரிகளை "இது வேண்டாம், எடுத்துவிடுங்கள்" என்பார்கள். எவ்வளவு நல்ல வரியாக இருந்தாலும் எடுத்துவிட வேண்டும். ஒரே ஊரில் வாழ்கிறோம், அவர் நாளைக்கும் நம்மிடம் பேச வேண்டும்.

அடுத்து பெயர்கள். இதை எவ்வளவு சொன்னாலும் போதாது. கட்டுரையில் ஓர் ஒற்று விட்டுப்போனால் யாரும் சண்டைக்கு வர மாட்டார்கள், நினைவஞ்சலிப் பக்கத்தில் ஒரு மகளின் பெயர் விட்டுப்போனால் அது அந்தக் குடும்பத்தில் பல வருடம் நிற்கும். அஞ்சலிக் குறிப்பு எதுவானாலும் வீட்டில் இரண்டு பேரிடம் தனித்தனியாக வாசித்துக் காட்டுகிறோம். தலைப்பெழுத்து, ன-வா ண-வா, ல-வா ள-வா, பிள்ளைகளை எந்த வரிசையில் போடுவது, எல்லாம் கேட்டு எழுதுகிறோம். தேர்ச்சி பெற்ற மாணவர் பட்டியலுக்கும் இதே முறைதான். சிறுவர்கள் படம் என்றால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் போடுவதில்லை.

இனி தட்டச்சும் பக்க வடிவமைப்பும். வந்து சேர்பவை பல வடிவங்களில் இருக்கும். கையெழுத்துத் தாள், குரல் பதிவு, அப்புறம் பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பு. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாகத் தெரியும். பயப்பட வேண்டாம், எழுத்துரு மாற்றும் மென்பொருளைக் கொண்டு, எந்தக் கணினியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்குக் கொண்டுவந்துவிடலாம், ஆனால் மாற்றியபின் முழுவதும் ஒருமுறை வாசிக்க வேண்டும். நாங்கள் வடிவமைப்பது ஸ்கிரைபஸ் என்ற இலவச மென்பொருளில். இதன் பழைய 1.4 பதிப்பில் கொம்பும் காலும் எழுத்தைவிட்டு விலகி நிற்கும், 1.6-ல் தமிழ் ஒழுங்காக வருகிறது. இன்டிசைன் என்ற கட்டண வடிவமைப்பு மென்பொருள் வைத்திருப்பவர்கள் பத்தி அமைப்பில் 'வேர்ல்டு ரெடி கம்போசர்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

நடுவில் பின் அடிக்கும் புத்தகம் என்றால் பக்கங்கள் நான்கின் மடங்காகத்தான் இருக்க முடியும். ஓர் ஏ4 தாளை மடித்தால் நான்கு ஏ5 பக்கம், 24 பக்கத்துக்கு ஆறு தாள். ஒரு கட்டுரை அரைப் பக்கம் வழிந்தாலும் ஒன்று வெட்ட வேண்டும், இல்லை நான்கு பக்கம் கூட்ட வேண்டும். இதற்காகவே சிறு துணுக்குகள், விடுகதைகள், ஊர்ப் பழைய படங்கள் எப்போதும் கைவசம் வைத்திருக்கிறோம்.

படங்களைப் பற்றி ஒரே விஷயம். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள். ஏ5 பக்கம் முழுக்க ஒரு படம் தெளிவாக அச்சாக வேண்டுமென்றால் ஏறக்குறைய 1748-க்கு 2480 பிக்சல் வேண்டும். இணையத்தில் கிடைக்கிற படத்தை எடுத்துப் போடுவதில்லை, அது வேறொருவருடையது.

அச்சகத்துக்குப் பிடிஎஃப் ஆகத்தான் கொடுக்கிறோம், எழுத்துருக்கள் உள்ளேயே பொதிந்து, ஓரத்தில் வெட்டுக்காக 3 மில்லிமீட்டர் கூடுதலாக விட்டு. எழுத்து தனிக் கறுப்பில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அச்சு மையின் நான்கு வண்ணமும் கலந்த கறுப்பாக இருந்தால் அச்சில் துளி விலகினாலும் எழுத்துக்கு நிழல் விழும். சில நூறு பிரதிதான் என்றால் டிஜிட்டல் அச்சே கட்டுப்படியாகும், ஆஃப்செட் முறையில் அச்சுத் தகடு (பிளேட்) செய்யும் செலவு பிரதிகள் கூடினால்தான் தாங்கும். கடைசி மெய்ப்பை, அதாவது பிழை பார்க்கும் படியை, திரையில் பார்க்காமல் தாளில் எடுத்து, எழுதியவரும் வடிவமைத்தவரும் தவிர்த்து மூன்றாம் ஆள் படிக்க வேண்டும்.

பண விஷயத்தில் தொடக்கத்திலேயே விதி வகுத்தது நல்லதாகப் போயிற்று. விளம்பரத்துக்கு ஒரே கட்டணம், முன்பணம். நன்கொடை கொடுத்தவர் பெயர் பட்டியலில் வரும், அட்டையில் படம் வராது. கட்சி விளம்பரம் கிடையாது. ஒருவர் பெரிய தொகையோடு வந்து அட்டைப்படம் கேட்டபோது, விதி எழுத்தில் இருந்ததால் காட்டிவிட்டோம், மனத்தாங்கல் இல்லாமல் முடிந்தது. அவர் இன்றும் சந்தா கட்டுகிறார். வரவுசெலவை ஒவ்வோர் இதழிலும் கடைசிப் பக்கத்தில் அச்சிடுகிறோம், சிறு ஊரில் இதைவிட முக்கியமான பக்கம் இல்லை என்பது என் எண்ணம். பெயரில்லாத கடிதங்களைப் போடுவதில்லை.

ஆட்களைப் பொறுத்தவரை, ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு பேர். வடிவமைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு வெளியூரில் வேலை கிடைத்துப் போனபோது இதழ் நிற்காததற்கு அதுதான் காரணம். கோப்புகள், கடவுச்சொற்கள், விளம்பரதாரர் பட்டியல் எல்லாம் பொதுக் கணக்கில் இருக்கின்றன. வினியோகத்துக்குத் தெருவுக்கு ஒருவர், பெரும்பாலும் மேல்வகுப்புப் பிள்ளைகள். வீட்டுப் பட்டியலில் இடம்பெயர்ந்தவர்களைக் குறித்துக்கொண்டு வருவதும் அவர்கள்தான். வெளியூரில் இருப்பவர்களுக்குப் பிடிஎஃப் போகிறது, அவர்களிடமிருந்துதான் பழைய புகைப்படங்கள் அதிகம் வருகின்றன.

இப்போது கல்லூரியில் படிக்கும் இரண்டு பெண்கள் பக்க வடிவமைப்பைக் கற்றுக்கொள்கிறார்கள். அடுத்த இதழை அவர்களே முழுவதும் அமைக்கிறார்கள், நான் மெய்ப்பு மட்டும் பார்க்கிறேன். கிணறு வெட்டும் பெரியவர் சொன்னதில் மீதி இருக்கும் பதிவையும் அவர்களிடம் கொடுத்திருக்கிறேன், அதற்கு நான்கு பக்கம் கூட்டலாமா என்று கேட்டிருக்கிறார்கள். கூட்டச் சொல்லிவிட்டேன்.