ஒரு வினைச்சொல்லுக்காக

விடுமுறைக்குத் தக்கலைக்கு வந்திருந்தபோது, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த அண்ணன் மகள், "சித்தப்பா, நீங்க ஹேக்கரைப் பிடிக்கிற வேலையா பாக்குறீங்க?" என்று கேட்டாள். பிற நாட்டுக் கணினிகளுக்குள் ஒரு நாடு எதைச் செய்யக்கூடாது என்று அரசுகள் பேசித் தீர்மானிக்கும் கூட்டங்களுக்கு வரைவு எழுதுவதே என் பணி.

அவள் அறிந்த கூடங்குளத்திலிருந்தே தொடங்கினேன். 2019-இல் அங்கே நிர்வாகப் பணிக்கான கணினி ஒன்றில் தீநிரல் நுழைந்திருந்ததை இந்திய அணுமின் கழகம் ஒப்புக்கொண்டது. முக்கிய உள்வலையமைப்பு அதனுடன் இணைக்கப்படாததால் பாதிக்கப்படவில்லை என்றும் அறிவித்தது.

மக்களுக்குச் சேவையளிக்கும் இன்றியமையாக் கட்டமைப்புகளை வேண்டுமென்றே சேதப்படுத்தலாகாது என்பது, 2015-இல் ஐ.நா. நிபுணர் குழு வகுத்த 11 நெறிகளுள் ஒன்று. ஆனால் ஆங்கில மூலத்தில் கட்டளையாகிய 'ஷல்' இல்லை. அறிவுரையாகிய 'ஷுட்' மட்டுமே உண்டு. மின்சாரமும் மருத்துவமனையும் சார்ந்திருக்கும் ஒரு நெறி இப்படி விருப்பத்துக்கு விடப்பட்டிருப்பது எனக்கு இன்றும் வருத்தமே. எனினும் எல்லா நாடுகளும் ஏற்கும் தளர்ந்த சொல், சிலரே ஏற்கும் இறுகிய சொல்லைவிடப் பயன்படும் என்றே கருதுகிறேன்.

இந்தப் பணிக்கு வர விரும்பினால் சட்டமோ பன்னாட்டு உறவுகளோ படிக்கலாம் என்று அவளிடம் சொன்னேன். கூடவே வலையமைப்பு இயங்கும் விதமும் தெரிந்திருக்க வேண்டும். குடிமைப் பணித் தேர்வு வழியாக வெளியுறவுப் பணிக்கும் செல்லலாம். வெளியுறவு அமைச்சகத்தில் இணையவெளி ராஜதந்திரத்துக்கென்றே ஒரு பிரிவு உண்டு. அந்த 11 நெறிகளையும் அன்றிரவே அச்செடுத்து அவளிடம் கொடுத்தேன். காலையில் மூன்றாவது நெறியில் பென்சிலால் ஒரு கேள்விக்குறி இருந்தது.