நானோ இழையில் ஆன்டிபயாடிக்: எம்.டெக் ப்ராஜெக்ட் எடுப்பவர்களுக்கு

கோவையில் டெக்ஸ்டைல் எம்.டெக் படித்தபோது, ஆன்டிபயாடிக்கை நாட்கணக்கில் மெதுவாக வெளியிடும் நானோ இழைப் படலம்தான் என் ப்ராஜெக்ட். இதே தலைப்பை எடுத்திருக்கும் ஜூனியர்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

இந்த இழையை உயர் மின்னழுத்தத்தால் நூற்கும் எலக்ட்ரோஸ்பின்னிங் சீக்கிரம் கைக்கு வந்துவிடுமுங்க. சிரிஞ்சில் பாலிமர் கரைசல், ஊசிக்கு 10 முதல் 25 கிலோவோல்ட், 10-20 செ.மீ. தள்ளி கலெக்டர், அவ்வளவுதான். ஈரப்பதம் நூலை என்ன பாடுபடுத்தும் என்று மில் பக்கம் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். இங்கேயும் அதே கதை. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று சாரலோடு வீசும் ஆடியில் பிவிஏ (தண்ணீரில் கரையும் பாலிமர்) நூற்றால், தண்ணீர் சரியாக ஆவியாகாமல் இழைகள் ஒட்டிக்கொள்ளும். அறையின் ஈரப்பதத்தைத் தினமும் நோட்டில் குறித்து வையுங்கள்.

எல்லோரும் எஸ்இஎம் (எலக்ட்ரான் நுண்ணோக்கி) படத்துக்குத்தான் அலைகிறார்கள். வைவாவில் அதைப் புரட்டிவிட்டு, மருந்து வெளியேறும் வரைபடத்துக்குப் போய்விடுவார்கள். முதல் சில மணி நேரத்திலேயே ஏன் இவ்வளவு மருந்து கொட்டுகிறது? இந்தக் கேள்வி கட்டாயம் வரும். உதாரணத்துக்கு, டெட்ராசைக்ளின் ஹைட்ரோகுளோரைடு என்ற ஆன்டிபயாடிக் தண்ணீரில் கரையும் உப்பு. இழையாக நூற்கும் பிசிஎல்லோ தண்ணீர் ஒட்டாத பாலிமர். இரண்டும் ஒத்துப்போகாததால், கரைப்பான் ஆவியாகும்போது மருந்து இழையின் மேற்பரப்புக்கு ஒதுங்குகிறது. அதைத் தடுக்க, மருந்தை உள்ளே வைத்து உறையிடும் கோ-ஆக்சியல் ஊசி உண்டு. அது கிடைக்காவிட்டால், மருந்தில்லாத படலத்தை மேலும் கீழும் நூற்றுப் பாருங்கள். தொடக்கத்தில் கொஞ்சம் கொட்டுவது காயத்துக்கு நல்லதுதான். அப்புறம் அளவு எம்ஐசிக்கு (கிருமி வளர்வதைத் தடுக்கும் குறைந்தபட்ச அளவு) கீழே இறங்கி நெடுநாள் கசிந்தால்தான் சிக்கல், கிருமி மருந்துக்குப் பழகிவிடும்.

மருந்து வெளியேறும் சோதனையை பிஎச் 7.4 பஃபரில் (பிஎச் மாறாத கரைசல்), 37 டிகிரியில் செய்யுங்கள். மாதிரி எடுக்கும்போது வெளியே போகும் மருந்தையும் கணக்கில் சேருங்கள். டெட்ராசைக்ளின் வெளிச்சத்தில் சிதையும், பஃபரிலேயே கூடக் குறையும். குப்பியை ஃபாயிலில் சுற்றி, வெறும் மருந்துக் கரைசலையும் பக்கத்தில் ஓட்டுங்கள். மருந்து வெளியேறும் விதத்தைச் சொல்லும் கோர்ஸ்மேயர்-பெப்பாஸ் சமன்பாட்டில் முதல் 60% வெளியேற்றத்தை மட்டும் பொருத்துங்கள். முழு வரைபடத்தையும் போட்டு ஆர்-ஸ்கொயர் (பொருத்தத்தின் அளவு) 0.99 என்று காட்டினால் பிடித்துவிடுவார்கள்.

அடுத்து கிருமிச் சோதனை. உங்கள் கல்லூரியில் நுண்ணுயிர் ஆய்வகம் இல்லையென்றால், கோவையின் ஜவுளி ஆராய்ச்சி நிறுவனமான சிட்ராவின் மருத்துவ ஜவுளி மையத்தில் கைடு மூலம் முன்கூட்டியே விசாரியுங்கள். ஒரு நாள் தெரியும் தடை வளையம் (படலத்தைச் சுற்றிக் கிருமி வளராத வட்டம்) மருந்து தொடர்ந்து வருவதற்குச் சாட்சி ஆகாது. படலத்தின் அதே வட்டத் துண்டை ஒவ்வொரு நாளும் கிருமி பரப்பிய புதுத் தட்டுக்கு மாற்றி, வளையம் எந்த நாளில் மறைகிறது என்று அளந்து எழுதுங்கள்.