சித்திரை வெயிலில் காலியத்தை எடைபோட்ட கதை

காந்தத்தன்மையை ஆராய, இரும்பு, காலியம், டெலூரியம் சேர்ந்த அடுக்குப் படிகத்தை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் வசதியின்மைதான். 2017இல் ஒற்றை அடுக்கிலும் காந்தத்தன்மை காட்டிய குரோமியம் டிரை அயோடைடை ஆராய வேண்டுமானால் 45 கெல்வினுக்குக் கீழே குளிர்விக்க வேண்டும். இந்தப் படிகமோ அறை வெப்பநிலையிலேயே காந்தமாக இருக்கும். கோயம்புத்தூரில் திரவ ஹீலியத்துக்கு எங்கே போவது?

ஆனால் அதை வளர்க்கத் தேவையான காலியம் என்னும் உலோகம் 29.8 டிகிரி செல்சியஸில் உருகிவிடும். சித்திரை மாதத்தில் எங்கள் ஆய்வகம் அதைவிடச் சூடாக இருந்ததால், எடைத்தட்டில் வைத்த துண்டு கண்ணெதிரே துளியாகி, கீழே விரித்திருந்த அலுமினியத் தாளுக்குள் ஊடுருவி அதை அப்பளம்போல் நொறுக்கிவிட்டது. அதன்பின் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்த துண்டுகளை விடியற்காலையில் மட்டுமே எடைபோட்டேன்.

குவார்ட்ஸ் குழாயை வெற்றிடமாக்கி உருக்கி மூடிக் கொடுத்த பெரியவர், "ஈரம் இருந்தா உள்ளயே வெடிச்சுப் போகும் கண்ணு, நல்லாக் காய வெச்சியா?" என்று கேட்டார். நான் காய வைத்திருக்கவில்லை. திரும்ப எடுத்துச் சென்று காய வைத்தேன். பிறகு 1000 டிகிரி வரை சூடாக்கி, 880இலிருந்து 780 டிகிரிக்கு நான்கு நாட்களில் மெல்ல இறக்கி, மிஞ்சிய டெலூரியத்தை மையவிலக்கியில் பிரித்தபோது பளபளப்பான தகடுகள் கிடைத்தன.

ஒட்டும் நாடாவால் உரித்த செதில்களைக் காந்தவிசை நுண்ணோக்கியில் பார்த்தபோது, மாடு மிரண்டு ஓடிய உழவுச்சால்போல் காந்தக் களங்கள் (காந்தம் ஒரே திசையில் நிற்கும் பகுதிகள்) வளைந்து நெளிந்து கிடந்தன. ஆர்கான் வாயுவில் 120 டிகிரிக்குச் சூடாக்கி, அடியில் சிறு காந்தத்தை வைத்தபடி குளிர்வித்ததும் அந்தச் சால்கள் வட்டவட்டத் தீவுகளாக உடைந்தன. அவற்றை உடனே ஸ்கைர்மியான், அதாவது அணுக்களின் காந்தங்கள் முழுச் சுற்றாகத் திரும்பி நிற்கும் காந்தச் சுழி, என்று எழுதிவிட்டேன். அது என் அவசரம். இந்த நுண்ணோக்கி மேற்பரப்புக்கு வெளியே கசியும் புலத்தை மட்டுமே உணர்வதால், வட்டத்தின் விளிம்பில் சுழற்காந்தங்கள் (அணுக்களின் சிறு காந்தங்கள்) விளிம்பை ஒட்டி ப்ளாக் முறையில் திரும்புகின்றனவா, விளிம்புக்குக் குறுக்கே நீல் முறையில் திரும்புகின்றனவா, முழுச் சுற்றாக முடிகின்றனவா என்பதை இதைக்கொண்டு தீர்மானிக்க முடியாது. போதாததற்கு அதன் ஊசியே ஒரு காந்தம். நெருங்கிப் போனால் பார்க்கும் களத்தையே இழுத்துக் கலைத்துவிடும்.

எனவே அறிக்கையில் அச்சொல்லை அடித்துவிட்டு "வட்டக் களங்கள்" என்று திருத்தினேன். அந்தத் திருப்பத்தைக் காண, காந்தத்தால் எலக்ட்ரான்கள் விலகுவதைக் கொண்டு படமெடுக்கும் லோரன்ட்ஸ் முறை மின்னணு நுண்ணோக்கிக்காக இரண்டு செதில்கள் ஆர்கான் நிரப்பிய பெட்டியில் வெளியூர் போயிருக்கின்றன.