என் கையெழுத்து மட்டும் போதாது என்றார்கள்: பாக்குமட்டைத் தட்டுத் தொழிலுக்குக் கடன் வாங்கிய அனுபவம்

பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் நான் கேட்ட கடன் கிடைத்துவிட்டது. இயந்திரமும் வந்து ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் நவம்பரில் விண்ணப்பித்த கடனுக்கு மே மாத இறுதியில்தான் ஒப்புதல் வந்தது. இடைப்பட்ட காலத்தில் நான்கு மாதங்கள், விதிகளில் எங்கும் இல்லாத ஒரு கேள்விக்குப் பதில் சொல்வதிலேயே கழிந்தன. சேலம் மாவட்டம் வாழப்பாடிப் பக்கம் என்னைப் போலத் தனியாகத் தொழில் தொடங்க நினைக்கும் பெண்கள் சிலர் விசாரிக்கிறார்கள் என்பதால், எங்கெங்கே இடறினேன் என்பதை எழுதிவைக்கிறேன்.

ஊரகப் பகுதியில் தொழில் தொடங்கும் பெண்ணுக்கு இந்தத் திட்டத்தில் 35 விழுக்காடு மானியம் உண்டு. கைப்பணம் 5 விழுக்காடு போதும். ஐந்து அச்சுகள் கொண்ட அழுத்த இயந்திரம், மட்டை ஊறவைக்கும் தொட்டி, மும்முனை மின் இணைப்பு, முதல் சில மாதங்களுக்கான நடைமுறை மூலதனம் எல்லாம் சேர்த்து என் திட்ட மதிப்பு 8 லட்சம் ரூபாய். அதில் நான் போட வேண்டியது 40,000 ரூபாய். மானியம் 2,80,000 ரூபாய். மாவட்டத் தொழில் மையத்தில் திட்ட அறிக்கையைச் சரிபார்த்து, விண்ணப்பத்தை வங்கிக்கு அனுப்பிய வரை எல்லாம் மூன்று வாரத்தில் முடிந்தது.

அதற்கும் முன்பே ஓர் இடறல் வந்தது. என் ஆதாரில் கணவர் பெயரின் முதலெழுத்து இருந்தது. திருமணத்துக்கு முன் எடுத்த பான் அட்டையில் அப்பாவின் பெயர் முழுதாக இருந்தது. இரண்டும் பொருந்தாததால், குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவான உத்யம் பதிவு நின்றுபோனது. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும், அதில் ஒன்றைத் திருமணத்தின்போதே செலவழித்திருந்தேன். மீதமிருந்த ஒரு வாய்ப்பைப் பயன்படுத்தி, பான் அட்டையில் உள்ளபடியே பெயரை மாற்றிக்கொண்டேன். "எம்பையன் பேரை எடுத்துட்டியாம்மா?" என்று மாமியார் கேட்டபோது எனக்கும் சங்கடமாகத்தான் இருந்தது. ஓர் ஆணுக்குப் பிறந்ததிலிருந்து கடைசிவரை ஒரே முதலெழுத்து; நமக்கு அப்படியில்லை. ஆகவே விண்ணப்பிக்கும் முன் ஆதார், பான், வங்கிப் புத்தகம், பள்ளிச் சான்றிதழ் நான்கையும் அருகருகே வைத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். உத்யம் பதிவுக்குக் கட்டணமே கிடையாது; யாராவது பணம் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இனி வங்கி. கிளையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. முதல் நாள் நான் உட்கார்ந்ததும் மேலாளர் கேட்ட முதல் கேள்வி, "வீட்டுக்காரர் வரலையாம்மா?" என்பதுதான். கணவர் லாரி ஓட்டுபவர். அடுத்த முறை ஒரு நடையை விட்டுவிட்டு வந்தார். திட்ட அறிக்கையை மேலாளர் என் கணவர் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டு, ஒரு நாளைக்கு எத்தனை தட்டு வரும், பன்னிரண்டு அங்குலத் தட்டுக்கு எத்தனை மட்டை பிடிக்கும், மின் கட்டணம் எவ்வளவு என்று அவரிடமே கேட்டார். அவர் ஒவ்வொரு கேள்விக்கும் என்னைப் பார்த்தார். நான் பதில் சொன்னேன். மேலாளர் அடுத்த கேள்வியை மறுபடியும் அவரிடமே கேட்டார். கடைசியில் கணவர் ஜாமீன் கையெழுத்துப் போட வேண்டும் என்றார்கள். இரண்டு வாரம் கழித்து, பழைய லாரிக் கடனில் தவணை தவறியதால் கடனை ஒழுங்காகக் கட்டுகிறாரா என்பதைக் காட்டும் அவருடைய சிபில் மதிப்பெண் குறைவு, எனவே அவர் ஜாமீன் செல்லாது என்றார்கள். என் மதிப்பெண்ணில் ஒரு குறையும் இல்லை. இருந்தும், வீட்டுப் பத்திரம் கொண்டுவாருங்கள் என்ற பதில்தான் வந்தது. வீடோ மாமியார் பெயரில் இருக்கிறது.

நான் பதினோரு ஆண்டுகள் சுய உதவிக் குழுவின் ஊக்குநராக இருந்தவள். எங்கள் பக்கத்து மாவட்டமான தருமபுரியில் 1989-இல் தொடங்கிய மகளிர் குழுக்கள், கூலி வேலை செய்த பெண்களை வங்கிப் படி ஏற்றின. என் கையெழுத்தில் குழுவுக்கு மூன்று முறை கடன் வந்து, ஒரு தவணைகூடத் தவறாமல் அடைந்திருக்கிறது. குழுவின் பெயரில் செல்லுபடியான அதே கையெழுத்து, நான் தனியாக ஒரு தொழிலுக்கு உரிமையாளராக வந்து நின்றதும் ஏன் போதாமல் போனது என்பதை என்னால் இன்றும் ஏற்க முடியவில்லை. 1978-இல் பெங்களூரில் பயோகான் நிறுவனத்தைத் தொடங்கிய கிரண் மஜும்தார் ஷா, தன் தந்தையை ஜாமீனுக்குக் கூட்டிவரும்படி வங்கிகள் கேட்டதைச் சொல்லியிருக்கிறார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அதே கேள்வியை நானும் எதிர்கொள்ள நேர்ந்தது.

வழி காட்டியவர் தொழில் மையத்து அலுவலர். குறு, சிறு தொழில்களுக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2010-லேயே அறிவுறுத்தியிருக்கிறது; இந்தத் திட்டத்தின் பெயரைக் குறிப்பிட்டே சொல்லியிருக்கிறது. கடன் திரும்பாவிட்டால் வங்கிக்கு ஈடு தரும் கடன் உத்தரவாத நிதி அறக்கட்டளையின் கீழ் வங்கி கடன் கொடுத்தால் மூன்றாம் நபர் ஜாமீனும் தேவையில்லை. "வாயால் பேசாதீங்கம்மா, எழுதிக் கொடுங்க" என்றார் அவர். அன்று இரவே ஒரு பக்கக் கடிதம் எழுதினேன். எந்த விதியின்படி பத்திரம் கேட்கப்படுகிறது என்பதைத் தெரிவிக்க வேண்டும், விண்ணப்பத்தை மறுப்பதாக இருந்தால் காரணத்தை எழுத்தில் தர வேண்டும், இவ்வளவுதான் அதில் இருந்தது. கிளையில் நகலில் முத்திரை போட்டுத் தர மறுத்தார்கள். ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பி, ஒரு நகலை, மாவட்டத்து வங்கிகளை ஒருங்கிணைக்கும் மாவட்ட முன்னோடி வங்கி மேலாளருக்கும் கொடுத்தேன். முப்பது நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகத் தயாராக இருந்தேன், தேவைப்படவில்லை. ஒன்பதாம் நாள் கிளையிலிருந்து தொலைபேசி வந்தது. பத்திரம் பற்றிய பேச்சே அதன்பின் எழவில்லை. ஒப்பந்தத் தாள்களில் நான் மட்டுமே கையெழுத்திட்டேன்.

ஆனால் பருவம் போய்விட்டது. மட்டை அதிகம் விழுவது வெயில் காலத்தில்தான். அப்போதே வாங்கிக் காயவைத்து அடுக்கிவிட வேண்டும். மழையில் நனைந்த மட்டையில் பூஞ்சை பிடித்து, தட்டில் கரும்புள்ளி விழும். அந்தத் தட்டை யாரும் வாங்கமாட்டார்கள். ஜூலையில் இயந்திரம் வந்தபோது, ஏற்கெனவே இருப்பு வைத்திருந்தவர்களிடம் கூடுதல் விலைக்கு வாங்கித்தான் ஓட்டத் தொடங்கினேன். பருவத்தை நம்பிய தொழில் என்றால், கடனுக்கு எட்டு மாதமாவது முன்னதாக விண்ணப்பியுங்கள்.

இன்னொன்று, மானியம் நம் கைக்கு வராது. மூன்று ஆண்டுகள் வங்கியிலேயே வைப்பாக இருக்கும். அந்தத் தொகைக்கு ஈடான கடனுக்கு வட்டி போடக் கூடாது. எனக்கு மானியம் வந்த பிறகும் முழு 7,60,000 ரூபாய்க்கும் வட்டி போட்டிருந்தார்கள். கணக்கு விவரத்தாளில் அந்த வரியை அடிக்கோடிட்டு எடுத்துப்போனேன். இந்த முறை தனியாகத்தான் போனேன். மேலாளர் தாளை வாங்கிப் பார்த்து, கணினியிலும் சரிபார்த்து, மிகையாகப் பிடித்ததைத் திரும்ப வரவுவைக்கச் சொன்னார். பிறகு, வரும் வெயில் காலத்துக்கு மட்டை வாங்க நடைமுறை மூலதனம் போதுமா என்று என்னிடமே கேட்டார். போதும் என்றேன், இரண்டு தோப்புக்காரர்களுக்கு முன்பணம் கொடுத்தாயிற்று.